இயற்கை என்னும் புதுச் சாமி

சென்ற சித்திரை மாதத்தில் கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசுவதற்காக நாம் போயிருந்தோம். அன்றிரவு அவ்வூர்த் தோழர் ஒருவர் வீட்டில் தங்க நேர்ந்தது. அவர் இருபது வருஷமாய் நம் கூட்டங்களுக்கு வருகின்றவர். அவர் வீட்டில் சாமி படம் கிடையாது. நாள் நட்சத்திரம் பார்ப்பது கிடையாது. ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகின்ற வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் அன்று மூத்த மகள் மட்டும் சாப்பாட்டுக்கு வந்து உட்காரவில்லை. அடுப்பங்கரை இருட்டில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"என்ன பாப்பா, ஊருக்குள் நுழைந்ததுமே என்ன பேசப்போறீங்க மாமா என்று கேட்கின்ற பெண்ணாயிற்றே, இன்றைக்கு என்ன?" என்றோம். பெண் பதில் சொல்லவில்லை. தாயார்தான், "முகமெல்லாம் அம்மை போட்டாப்பல கருகிப் போச்சுங்கண்ணா. மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறதாய் நேர்ந்திருக்கறனுங்க" என்றார்கள். தோழர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு விசாரித்ததில் சங்கதி வெளிவந்தது. பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாயிருந்தது. அதற்குள் முகம் "வெளுக்க" வேண்டுமென்று, யாரோ ஒரு அம்மாள் கைப்பேசிப் படத்தில் சொன்னபடி, எலுமிச்சஞ்சாறும் சமையல் சோடாவும் மஞ்சளும் குழைத்துப் பூசியிருக்கின்றது. பூசியது காய்ந்தவுடன் அரைகுறையாய்க் கழுவிவிட்டு, களத்தில் கடலைக்காய் காயப்போடப் போயிருக்கின்றது. சித்திரை வெயில்! மறுநாள் முகம் எரிந்து சிவந்தது. அடுத்த நாள் கொப்புளம். கொப்புளம் வற்றியவுடன் இரு கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாய்க் கருப்பு. வெளுப்பதற்குச் செய்த வைத்தியம் கருப்பில் போய் நின்றது.

"நீங்களாவது தடுத்திருக்கக்கூடாதா தோழரே?" என்று கேட்டோம். "கம்பெனிக்காரன் களிம்பாயிருந்தால் தடுத்திருப்பேனுங்க. இது இயற்கைப் பொருள்தானே, எலுமிச்சம்பழம் என்ன செய்துவிடப் போகின்றது என்று சும்மா இருந்துவிட்டேன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைதான் நம்மை இதை எழுதவைக்கின்றது. கூழ் ஊற்ற நேர்ந்துகொண்ட அந்த அம்மாளைப் பற்றிக்கூட நமக்கு அவ்வளவு வருத்தமில்லை. சாமியை வீட்டைவிட்டுத் துரத்திய தோழர், "இயற்கை" என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த வேறொரு சாமிக்கு அடுப்பங்கரையில் இடம் கொடுத்துவிட்டாரே என்பதுதான் நமது வருத்தம். கடவுள் செய்தால் சரியாய்த்தான் இருக்கும் என்பதற்கும், இயற்கையில் விளைந்தால் நல்லதாய்த்தான் இருக்கும் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். எருக்கம்பால் இயற்கையில்லையா? அரளிவிதை இயற்கையில்லையா? சலவைத்தொழிலாளர் துணிக்குக் குறிபோடுகின்ற சேராங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கின்றதே, அது எந்தக் கம்பெனியில் செய்த சரக்கு? ஒரு பொருள் மரத்தில் காய்த்ததா, ஆலையில் காய்ச்சியதா என்பது அதன் பிறப்பைப் பற்றிய பேச்சு. பிறப்பைக் கொண்டு மனிதனுடைய யோக்கியதையை நிர்ணயிக்கக்கூடாது என்று சொல்லுகின்ற நாம், பிறப்பைக் கொண்டு களிம்பின் யோக்கியதையை மட்டும் நிர்ணயிக்கலாமா?

அந்தப் பெண்ணின் முகத்தில் நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகின்றோம். புளிப்புக்கும் காரத்திற்கும் ரசாயனக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றார்கள். அதில் சுத்தமான தண்ணீர் 7. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. மேலே ஏற ஏறக் காரம். நம் தோலின் மேற்பரப்பு சுமார் 5. அதாவது இலேசான புளிப்பு. அந்தப் புளிப்பே தோலுக்கு ஒரு வேலி. எலுமிச்சஞ்சாறு சுமார் 2. மூன்றுதானே குறைவு என்று நினைக்கக்கூடாது. இந்தக் கணக்கில் ஒவ்வொன்று குறைவதும் பத்து மடங்கு புளிப்பு ஏறுவதாகும். ஆகவே எலுமிச்சஞ்சாறு தோலைவிட ஆயிரம் மடங்கு புளிப்பு. சமையல் சோடாவோ 8-க்கு மேல். அது வேலியை மறுபக்கத்திலிருந்து பிடுங்குகின்றது. இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும். அந்தப் பொங்கலைப் பார்த்து "வேலை செய்கின்றது" என்று நம்புகின்றார்கள். இது போதாதென்று, எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் பியூரானோகூமரின் என்று ஒரு சரக்கு இருக்கின்றது. அது தோலில் பட்டிருக்கும்பொழுது வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால், இரண்டும் சேர்ந்து நெருப்புச் சுட்டதுபோல் சுட்டுவிடும். உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். அதனாலேயே ஜனங்களுக்குக் காரணம் பிடிபடாமல், பழி மாரியம்மன் தலையில் விழுகின்றது.

மறுநாள் காலையில் அப்பெண்ணைத் தாலுகா சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த வைத்தியர் ஒரு பெண்மணி. அவர், "பயப்படாதே அம்மா, வெயில் படாமல் பார்த்துக்கொள், வேறெதையும் பூசாதே, மூன்று நான்கு மாதத்தில் தானே மறையும்" என்று சொல்லி ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார்.

நிற்க, நாம் இப்படி எழுதுவதைக் கண்டு, "அப்படியானால் பாட்டி வைத்தியமெல்லாம் பொய், கடைச் சரக்கெல்லாம் மெய் என்கின்றீர்களா?" என்று சிலர் பாயக்கூடும். கடைச் சரக்கின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம். "பேர் அண்ட் லவ்லி" என்ற களிம்பு 1975-ஆம் வருஷத்தில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கருப்பாயிருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை, வரன் கிடைக்கவில்லை. களிம்பு பூசி வெளுத்தாள், எல்லாம் கிடைத்தது என்று நாற்பது வருஷத்திற்கு மேலாகப் படம்காட்டிப் பணம் சேர்த்தார்கள். 2020-இல் அமெரிக்காவில் கருப்பர்களுக்காக எழுந்த கிளர்ச்சியின் சூடு இங்கும் தட்டிய பிறகு, அதற்கு "க்ளோ அண்ட் லவ்லி" என்று பெயரை மாற்றினார்கள். பறைச்சேரிக்கு "காலனி" என்று பெயர் வைத்த மாதிரி!

இதைவிடக் கொடியது பாதரசம். பெயர் விலாசம் சரியாக இல்லாமல், பல சமயம் வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாய் வந்து விற்கப்படுகின்ற வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கின்றது. அது தோலில் கருநிறம் உண்டாகும் வேலையைத் தடுக்கும் என்பது வாஸ்தவம். முகம் வெளுக்கவும் வெளுக்கும். ஆனால் அது முகத்தோடு நிற்பதில்லை; தோல் வழியாய் உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைப் பிடிக்கின்றது. கேரளத்து மலப்புரம் ஜில்லாவில் கோட்டக்கல் என்னும் ஊர் ஆஸ்பத்திரியின் சிறுநீரக வைத்தியர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்து எழுதியிருக்கின்றார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் ஒரு அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசிக்கொண்டவர்கள்! இந்திய சர்க்காரின் 2020-ஆம் வருஷத்து விதிகள் அழகுப்பொருள்களில் பாதரசம் சேர்க்கக்கூடாதென்றுதான் சொல்லுகின்றன. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது. டப்பி சந்தையில் இருக்கின்றது.

ஆகவே கடைக்காரனிடமிருந்து தப்பி அடுப்பங்கரைக்குள் ஓடிவருகின்ற ஜனங்களை நாம் குறைசொல்லவில்லை. ஓடிவந்த இடத்திலும் கண்ணைத் திறந்துகொண்டு நில்லுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். அடுப்பங்கரையில் உபயோகமான பொருள்கள் இருக்கின்றன. பச்சைப்பயறு மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வழிகின்ற எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர்விட்டுக் கழுவினால் அழுக்கோடு போய்விடும். சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் 9, 10 என்று காரத்தில் நிற்பவை. வறண்ட தோல்காரர்களுக்கு அதைவிட மாவு சௌகரியம். நைஸாக அரைத்துச் சலித்திருக்கவேண்டும், பருபருவென்று இருப்பதைப் போட்டுத் தேய்த்தால் தோல் உராய்ந்துபோகும் என்பதுதான் நிபந்தனை. சீயக்காயிலும் அரப்புத் தழையிலும் தண்ணீரில் நுரைக்கின்ற சாபோனின் என்ற சரக்கு இருப்பதால்தான் எண்ணெய்ப் பிசுக்குப் போகின்றது. சனிக்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, புதன்கிழமையும் அதே அளவு நுரைக்கும்.

தேங்காயெண்ணெய் தோலுக்குள் புகுந்து போஷாக்குக் கொடுக்கின்றது என்பது கதை. அது செய்வது ஒரு மூடியின் வேலை. குளித்துவிட்டு, உடம்பை அரைகுறையாய்த் துடைத்து, ஈரம் இருக்கும்பொழுதே இலேசாய்த் தடவினால் உள்ளே இருக்கின்ற தண்ணீர் வெளியே ஓடாமல் மூடி வைக்கும். காய்ந்த தோலில் எவ்வளவு எண்ணெய் வார்த்தாலும் பளபளப்புத்தான் மிச்சம். குதிகால் வெடிப்புக்கும் இதே சூத்திரந்தான். அதைப் "பித்தவெடிப்பு" என்று சொல்லிப் பித்தம் தணியக் கஷாயம் குடிக்கின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். வெறுங்காலோடு வயலிலும் தார்ரோட்டிலும் நடப்பதால் தடித்துக் காய்ந்துபோன தோல், உடம்பின் பாரம் தாங்காமல் வெடிக்கின்றது. இதில் பித்தம் எங்கே வந்தது? இரவில் கால்மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, கல்லால் மெதுவாய்த் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெயைத் தடவி, பழந்துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள். சில வாரத்தில் வித்தியாசம் தெரியும். நீரிழிவுக்காரர்கள் மட்டும் இதைத் தாங்களாய்ச் செய்யாமல் வைத்தியரிடம் காலைக் காட்டுவதே நல்லது. அவர்களில் பலருக்குப் புண்பட்டாலும் உணர்ச்சி தெரியாது.

மயிருக்குத் தேங்காயெண்ணெய் நல்லது என்பதற்கு 2003-இல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி சாட்சி சொல்லுகின்றது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் மயிரில் தடவிப் பார்த்ததில், தேங்காயெண்ணெய் ஒன்றுதான் மயிரிலுள்ள புரதம் கரைந்துபோவதைக் குறைத்தது என்று கண்டார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கின்ற கம்பெனியின் ஆராய்ச்சிசாலைக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நமது கடமை. விற்கின்றவன் சொன்னான் என்பதற்காக நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். எப்படிச் சோதித்தான் என்று பாருங்கள். அதிலுங்கூட, இருக்கின்ற மயிர் கெடாமல் இருப்பதைத்தான் சொன்னார்களே தவிர, வழுக்கையில் மயிர் முளைத்ததாக யாரும் சொல்லவில்லை. பொடுகு இருக்கின்றவர்கள் தலைநிறைய எண்ணெய் வைப்பது இன்னொரு பைத்தியக்காரத்தனம். பொடுகுக்குத் துணைநிற்கின்ற பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் ஆகாரம். விருந்து வைத்துக்கொண்டே விருந்தாளியை ஏன் போகவில்லை என்று கேட்டால் எப்படி?

மஞ்சளைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தனிப் பெருமை. புண்ணாற்ற மஞ்சள் உபயோகப்படும் என்று அமெரிக்காவில் 1995-இல் கொடுக்கப்பட்ட உரிமைப் பட்டயத்தை, நம் நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி 1997-இல் ரத்துச் செய்யவைத்தது. நல்ல காரியம், நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி, "பார்த்தீர்களா, மஞ்சளின் மகிமையை அமெரிக்காக்காரனே ஒப்புக்கொண்டான்" என்று மேடையில் பேசுகின்றார்களே, அது தப்பு. இது புதிதல்ல, பழையது என்பதுதான் அங்கே ருசுவாயிற்று. பழையது என்பது ருசுவானால் பலிக்கும் என்பதும் ருசுவாகிவிடுமா? அப்படியானால் நரபலியும் பழையதுதான். மஞ்சளிலுள்ள குர்க்குமின் நல்ல சரக்கென்று பலர் ஆராய்ந்துகொண்டிருக்கின்றார்கள், அது வேறு. முகத்தில் அரைத்துப் பூசினால் மஞ்சள் நிறம் ஒட்டும் என்பது நிச்சயம். சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும் என்பதும் நிச்சயம். தவிர, வங்காள தேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வருவதற்காகக் காரீயக் குரோமேட் கலந்ததை 2019-இல் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே வேண்டுமானால் கிழங்காய் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். தூளின் பளபளப்பை நம்பாதீர்கள். கற்றாழைச் சோறும் அப்படித்தான். வெயிலில் எரிகின்ற தோலுக்குக் குளிர்ச்சியாயிருக்கும், ஆனால் மடலை வெட்டியவுடன் வடிகின்ற மஞ்சள் பாலை ஒழுகவிட்டுக் கழுவாமல் பூசினால் அதுவே அரிக்கும்.

எது பலிக்கும், எது பலிக்காது என்று யாரைப் போய்க் கேட்பது என்றால், முதலில் உங்கள் இரண்டு கைகளைக் கேளுங்கள் என்கின்றோம். புதிதாய் எதையும் எடுத்தவுடன் முகத்தில் அப்பவேண்டாம். முழங்கை மடிப்பில் ஒரு காசளவு இடத்தில் ஒரு வாரம் பூசிப்பாருங்கள். அரித்தால், சிவந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லையானால் ஒரு கையில் மட்டும் ஒரு மாதம் பூசுங்கள். மறு கையில் பூசாதீர்கள். மாதக்கடைசியில், எந்தக் கையில் பூசினீர்கள் என்று அறியாத ஒருவரிடம் இரண்டு கையையும் நீட்டி, எது நன்றாயிருக்கின்றது என்று கேளுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் உங்கள் காசும் நேரமும் மிச்சம். "எனக்குப் பலித்தது" என்று சொல்லுகின்றவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இப்படி மறு கையை விட்டுவைத்துப் பார்த்தவர்கள்? முகப்பரு வருகின்றது, ஏதோ ஒன்றைப் பூசுகின்றோம், சில வாரத்தில் அமுங்குகின்றது. பூசாவிட்டாலும் அநேகமாய் அமுங்கியிருக்கும். தோலின் மேல்படலம் ஏறக்குறைய ஒரு மாதத்திற்கொருதரம் தானே உதிர்ந்து புதிதாய் வருகின்றது. கோயிலுக்கு வேண்டிக்கொண்டதால் காய்ச்சல் போயிற்று என்பதற்கும் இதற்கும் நாம் வித்தியாசம் காணவில்லை.

வெயிலுக்கு மட்டும் நம்மிடத்தில் ஒரு கைகண்ட வைத்தியம் இருக்கின்றது. அது குடை. தோலைச் சுருங்கவைப்பதிலும் திட்டுப் போடவைப்பதிலும் வெயிலுக்கு நிகர் வேறில்லை. அதைத் தடுப்பதில் குடையும், தலைத்துண்டும், முழுக்கைச் சட்டையும் அடுப்பங்கரையிலுள்ள எல்லாப் பொருளையும்விட மேல். இதைச் சொல்லும்பொழுதே நமக்கு ஒரு ஆத்திரமும் வருகின்றது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 19-ஆம் நூற்றாண்டில் நாடார் வகுப்பார் குடைபிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலே துணி போடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். மேலே துணி போட 1859-இல்தான், அதுவும் மேல்ஜாதிப் பெண்களைப்போல் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு, உத்தரவு வந்தது. குடையைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் நிறுத்தியதும் அவர்களே. நிழலில் உட்கார்ந்துகொண்டு "கருப்பு" என்று கேலி பேசியதும் அவர்களே!

கருப்பு என்பது என்ன நோய்? மெலனின் என்ற கருநிறப் பொருளை உண்டாக்கும் அணுக்கள் வெள்ளைக்காரன் தோலிலும் நம் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை நமக்கு அதிகமாய் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். அந்த வேலையின் பலன், வெயிலின் கெடுதலை ஓரளவு தடுக்கின்ற இயற்கைக் குடை. எலுமிச்சம்பழத்தை இயற்கை இயற்கை என்று கொண்டாடுகின்றவர்கள், தங்கள் தோலிலேயே இருக்கின்ற இயற்கையைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பது விந்தையாயிருக்கின்றது.

இதில் நம்முடைய தோழர்களும் யோக்கியர்களல்ல. சில மாதத்திற்கு முன் ஒரு தோழர் தம் மகனுக்குப் பெண் பார்க்கும்படி நம்மிடம் சொன்னார். "ஜாதி பார்ப்பதில்லை, ஜாதகம் வேண்டாம், நகை வேண்டாம், தாலியும் வேண்டாம்; பெண் மட்டும் கொஞ்சம் நிறமாய் இருந்தால் போதும்" என்றார். "கருப்பும் நிறந்தானே தோழரே?" என்றோம். சிரித்தார், பதில் வரவில்லை. அவர் மகன் என்ன நிறம் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் நிறத்தைக் கேட்கும் வழக்கம் நமக்கே இல்லாததுதான் காரணம். நாம் மட்டும் என்ன? நம் பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தாதி, "கருப்பாயிருந்தாலும் களையாயிருக்கு" என்று சொன்னாள். நாம் சந்தோஷப்பட்டு அவள் கையில் காசு கொடுத்தோம். அந்த "இருந்தாலும்" என்ற வார்த்தை நம் காதில் உறைக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று. நம் பெண் ஒரு நாள் கண்ணாடிக்கு முன் நின்றுகொண்டு, "கருப்பாயிருந்தாலும் என்று ஏன் அப்பா எல்லோரும் சொல்கின்றார்கள்?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஆடி மாதக் கடைசியில் அவ்வூர்ப் பக்கம் போனபொழுது தோழர் வீட்டுக்கு மறுபடியும் போனோம். பெண் வாசலுக்கு வந்து, "இன்னைக்கு என்ன பேசப்போறீங்க மாமா?" என்று கேட்டது. திட்டு முக்கால்வாசி மறைந்துவிட்டது. பெண் பார்க்க வருவதாயிருந்தவர்கள் வரவில்லையாம்; அதைப்பற்றி வீட்டில் யாரும் அழுததாகவும் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் புதிதாய் ஒரு கருப்புக் குடை தொங்கிற்று. களத்துக்குப் போனாலும் கல்லூரிக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போகின்றதாம். தாயார், நேர்ந்தபடியே ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றியாயிற்று என்றும், ஆத்தாள்தான் மகளின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தாள் என்றும் சொன்னார்கள். வைத்தியர் மூன்று நான்கு மாதம் என்று சித்திரையிலேயே சொன்னாரே, ஆத்தாளும் அதே மூன்று நான்கு மாதம்தான் எடுத்துக்கொண்டாளா என்று கேட்டோம். தோழர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் நம் இலையில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடுங்கண்ணா, ஆறிப்போகுது" என்றார்கள்.